உப்புக்காற்றில் ஓடும் பழைய பிக்கப்: 9 குறிப்புகள்

தலைமன்னாரில் சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் வண்டியில் படிவது உப்புத்தான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் தடை நீங்கியும், வரியோடு சேர்ந்த விலையில் புதிய வண்டி பலருக்கு எட்டவில்லை. ஆகவே முற்றத்தில் நிற்கும் பழைய பிக்கப்பைக் கறளிலிருந்து காப்பதுதான் லாபம்.

1. மீன் ஏற்றிய அன்றே கழுவுங்கள். ரெஜிபோம் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் பின்தட்டின் மடிப்புகளுக்குள் இறங்கி சேஸிஸில் சொட்டும். மேலே வாளியால் ஊற்றினால் போதாது. அடியில் குழாய் பிடித்து மேல்நோக்கிப் பீச்சுங்கள்.

2. உவர்க் கிணற்று நீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளையாய்ப் பூக்கும் நீரால் கழுவுவது உப்புப் பூசுவதற்குச் சமம். கடைசிக் கழுவலையாவது மழைநீரிலோ நல்ல தண்ணீரிலோ செய்யுங்கள்.

3. படகை இழுக்கச் சில்லு நனையும்படி கடலுக்குள் இறங்காதீர்கள். நீளமான கயிறு கட்டி, கரையில் நின்று இழுங்கள்.

4. சேஸிஸின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மணல் அடைத்துவிடும். உள்ளே தேங்கும் ஈரம் இரும்பை உள்ளிருந்தே தின்னும். மாதம் ஒருமுறை கம்பியால் குத்தித் திறவுங்கள்.

5. ஸ்குரூ டிரைவர் பிடியால் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்ந்தால் இரும்பு இற்றுவிட்டது. ஸ்பிரிங் தொங்கும் இடத்தையும் டாங்கியைத் தாங்கும் பட்டியையும் மறவாதீர்கள்.

6. கறளின் மேலேயே பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்படும். கம்பித் தூரிகையால் சுரண்டி, நன்கு காயவிட்டு, அன்டிகொரோசிவ் பூசி, அதன்மேல் பெயின்ட் அடியுங்கள். கழிவு ஒயில் பூசும் பழக்கத்தை விடுங்கள். அது பிரேக்கின் ரப்பர் குழாயைக் கெடுக்கும், மணல் வழியே கிணற்றுக்கும் போகும்.

7. சொட்டும் எரிபொருளை மணல் தடமின்றிக் குடித்துவிடும். இரவில் வண்டிக்கு அடியில் காட்போட் மட்டை விரியுங்கள். காலையில் பிசுபிசுத்த கறை என்றால் டீசல் அல்லது ஒயில், மணந்து பாருங்கள். பெற்றோல் விரைவில் ஆவியாகிவிடும். அதற்கு மூக்குத்தான் சாட்சி. டாங்கி நிரப்பிய நாளில் மட்டும் ஒழுகினால் ஓட்டை டாங்கியின் மேற்பக்கத்தில் இருக்கும்.

8. சொட்டே இல்லை, ஆனால் டீசல் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? டாங்கியிலிருந்து பம்ப் டீசலை உறிஞ்சும் குழாயில் ஊசித்துளை விழுந்திருக்கலாம். அதன்வழி டீசல் கசியாமல், காற்று உள்ளே போகும். ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அழுத்தியதும் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் வலுக்கும். குழாயைக் கிளிப் பிடிக்கும் இடங்களில் கறள் தேடுங்கள்.

9. வழியில் டாங்கி ஒழுகினால் பார் சவர்க்காரத்தை ஓட்டையில் அழுத்தித் தேய்த்து அடையுங்கள். டீசலில் அது எளிதில் கரையாது. கராஜ் வரை தாங்கும். பீடி, சிகரெட் பக்கத்திலும் வரக்கூடாது. டாங்கி காலிதானே என்று வெல்டிங் வைக்கவே வேண்டாம். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி, அளந்து கொடுத்த லீற்றருக்காக வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு சொட்டின் அருமை தெரியும். ஆனால் பணத்தைவிட உயிர் பெரிது. சேஸிஸ் ஓட்டையான வண்டியை எந்தப் பெயின்ட்டும் காப்பாற்றாது. அதில் மீனும் ஏற்றாதீர்கள், ஆளும் ஏற்றாதீர்கள்.