வேலையை விடலாமா? கூட்டிக் கழிச்சுப் பார்ப்போம்

 

"நின்னு நின்னு காலே வீங்கிப்போச்சு. இந்தக் கம்பெனியை விட்டுடலாம்னு இருக்கேன்." மூக்கண்டப்பள்ளியில் குழுக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது இந்தப் பேச்சு வரத்தான் செய்கிறது. பக்கத்திலேயே சிப்காட். எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா. வேறு வேலை கிடைக்கும் என்ற தைரியத்தில் சட்டென்று நின்றுவிடுகிறோம். விட வேண்டிய வேலையை விடத்தான் வேண்டும். ஆனால் கணக்குப் பார்த்து விடணும்.

1. கையில் எவ்வளவு நிற்கும்?

உதாரணமாக, இப்போது சம்பளம் 13,000 ரூபாய், கம்பெனி பஸ் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் 15,000 தருகிறார்கள், பஸ் கிடையாது. போக வர தினம் 60 ரூபாய் என்றால் 26 நாளைக்கு 1,560. கூடுதலாக நிற்பது 440 ரூபாய்தான்! நம்ம ஊர் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கர்நாடகத்தில் 2023-ல் வந்த சக்தி திட்டம் அந்த மாநில முகவரி உள்ள பெண்களுக்கு மட்டுமே.

2. எத்தனை வருஷம் ஆச்சு?

நிரந்தர வேலையில் தொடர்ந்து 5 வருடம் முடித்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 10,400 என்றால், அதை 26-ஆல் வகுத்தால் 400. 15 நாளுக்கு 6,000. 5 வருடத்துக்கு 30,000 ரூபாய். 4 வருடம் 4 மாதத்தில் கோபத்தில் நின்றால்? யோசிச்சுப் பாருங்க.

3. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.

புது கம்பெனியில் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். எந்த மாநிலத்திலும் அதே எண்தான். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 10 வருட சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதில் பென்ஷன் வரும். ஈ.எஸ்.ஐ. எண்ணும் அப்படியே. கர்ப்பமாக இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். பிரசவ காலச் சம்பளம் வர, அதற்கு முன்பே குறிப்பிட்ட நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். நடுவில் நின்றால் நாள் குறையும்.

4. தவணை யார் கட்டுவது?

புது வேலையில் முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். சங்கக் கடன் தவணை காத்திருக்காது. இரண்டு மாதத் தவணையும் அரிசி மளிகைச் செலவும் கையில் இருக்கா?

5. தொந்தரவு என்றால்?

மேஸ்திரியோ சூப்பர்வைசரோ தவறாக நடந்தால் கணக்குப் பார்க்க வேண்டாம். உங்கள் பாதுகாப்புதான் முதலில். ஆனால் சொல்லாமல் விலகாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். 181-க்குப் போன் செய்யலாம்.

6. எப்படி விடுவது?

சொல்லாமல் கொள்ளாமல் நிற்காதீர்கள். ராஜினாமாவை எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். சம்பள பாக்கி, பணிச் சான்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். புது வேலை கம்பெனியில் நேரடியா, காண்ட்ராக்டில்லா என்பதையும் முன்பே கேளுங்கள்.

குழுவில் பேசுங்கள்:

• நம் குழுவில் யாருக்கெல்லாம் யு.ஏ.என். எண் தெரியும்?
• போன வருடம் வேலை மாறியவர்களுக்குக் கையில் நின்றது எவ்வளவு?
• வேலை இல்லாத மாதத்தில் ஒரு உறுப்பினரின் தவணைக்குக் குழு என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு சம்பளச் சீட்டு கொண்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.