முதல் நினைப்பு பள்ளிக்கூடம்

கேள்வி: பதக்கமும் பணமும் வந்தபின் விளையாட்டு வீரர்கள் சொந்த ஊரை மறந்துவிடுகிறார்களே?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: எல்லோரும் அப்படி இல்லை, அம்மா. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. தாய் காய்கறி விற்று வளர்த்தார். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பினார்.

2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம்; டோக்கியோவில் வெள்ளி; 2024 பாரிஸில் வெண்கலம். ரியோ வெற்றிக்குத் தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. தான் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்சம் ரூபாய் தருவதாக மாரியப்பன் அறிவித்தார்.

தன்னைக் கண்டெடுத்த இடம் எதுவென்று அவருக்குத் தெரியும். வசதியுள்ள கொங்கு மக்களே, நீங்கள் படித்த பள்ளிக்கு உயரம் தாண்டும் மெத்தை ஒன்றாவது வாங்கிக் கொடுங்கள்.