மின்கட்டணச் சீட்டில் உள்ள பெயர்

கேரள எல்லையோரத்தில் கஞ்சிக்கோடு, சித்தூர், குமுளி முதலிய ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வாடகை வீடுகளில் வாழ்கின்றன. கேரள மாநில மின்சார வாரியத்தின் பணியாளர் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வந்து, மீட்டரைப் பார்த்துக் கட்டணச் சீட்டைத் தருவார். மலையாளம் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அதனைப் படித்துச் சொல்பவர் பள்ளி செல்லும் பிள்ளையே. சீட்டில் ஒரு பெயர் இருக்கும். பெரும்பாலும் அது தந்தையின் பெயர் அன்று. வீட்டு உரிமையாளரின் பெயர்.

பெயர் அவருடையது என்பதனால், மின்சாரத்தைத் தருவதும் நிறுத்துவதும் அவர் விருப்பம் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. உரிமையாளர் மட்டுமன்றி, குடியிருப்பவரும் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதனை மேலும் தெளிவாக்கியது. மின்சாரம் அடிப்படை வசதி. உரிமையாளர் ஒப்புதல் தரவில்லை என்பதற்காகக் குடியிருப்பவருக்கு அதனை மறுத்தல் கூடாது என்பது அத்தீர்ப்பு. தக்க காரணமின்றி உரிமையாளர் வசதிகளைத் துண்டிப்பதைக் கேரளத்தின் 1965ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் தடுக்கிறது.

கட்டணம் செலுத்தப்படாவிடில் வாரியம் இணைப்பைத் துண்டிக்கலாம். அதற்கும் 15 நாள்களுக்குக் குறையாத முன்னறிவிப்பை எழுத்தில் தரவேண்டும். உரிமையாளரிடம் பணம் கொடுத்தாயிற்று என்று இருந்துவிடுதல் போதாது. அவர் அதனை வாரியத்தில் செலுத்திய பற்றுச்சீட்டையும் கேட்டுப் பார்க்கவேண்டும். அவர் செலுத்தத் தவறினால் இருள் சூழ்வது குடியிருப்பவரின் வீட்டில்தான்.

குடியிருப்பவருக்கும் கடமைகள் உண்டு. குடிபுகும் நாளிலும் வீட்டைக் காலி செய்யும் நாளிலும் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, உரிமையாளரிடமும் காட்டவேண்டும். முன்பு இருந்தவர் எரித்த மின்சாரத்திற்குப் புதியவர் பணம் கட்டுவது இதனால் தவிரும். நிலுவை வைத்துவிட்டு வெளியேறினால், அச்சுமை சீட்டில் பெயர் உள்ள உரிமையாளர் மீது விழும்.

லைன் வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. நான்கு குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் இருக்கும். கேரளத்தில் வீட்டு மின்கட்டணம் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக உயர்கிறது. தொடக்க யூனிட்டுகளுக்குக் குறைந்த வீதம். அந்த அளவைத் தாண்டினால் படிகள் இல்லை. முதல் யூனிட் முதலே உயர்ந்த ஒரே வீதம். ஒரு குடும்பம் மாதம் 80 யூனிட் பயன்படுத்துகிறது என்று கொள்வோம். தனி மீட்டர் இருந்தால் அது குறைந்த படிகளிலேயே நிற்கும். நான்கும் சேர்ந்தால் 320 யூனிட் ஆகிவிடும். விளக்கை அணைத்துச் சிக்கனமாய் இருந்த குடும்பமும் மிகுந்த வீதத்திலேயே பணம் கட்டவேண்டி வரும். இது யாருடைய குற்றமும் அன்று. மீட்டர் ஒன்றாய் இருப்பதன் விளைவு. இத்தகைய வீடுகளில் தனி இணைப்புக் கேட்பதே தக்க வழி. அதுவரை, கட்டணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

மூணாறு, பீருமேடு பகுதிகளின் தேயிலைத் தோட்ட லயங்கள் வேறு வகையின. அவை வாடகை வீடுகள் அல்ல. தொழிலாளர்க்கு வீடமைத்துத் தருவதைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கியது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம்.

சொற்பொருள்

நிலுவை – செலுத்தப்படாமல் நிற்கும் தொகை
பற்றுச்சீட்டு – பணம் பெற்றதற்கான சான்று
வீதம் – ஓர் அலகுக்கு உரிய கட்டணம்

பயிற்சி

1. ஒரு கட்டணச் சீட்டில் முந்தைய அளவு 4050. இப்போதைய அளவு 4310. குடும்பம் குடிபுகுந்த நாளில் மீட்டர் காட்டிய எண் 4120. அக்குடும்பம் எத்தனை யூனிட்டுக்குக் கட்டணம் தரவேண்டும்?

2. லைன் வீட்டில் சிக்கனமான குடும்பமும் மிகுந்த கட்டணம் செலுத்த நேர்வது ஏன்?

3. தனி மின் இணைப்பு வேண்டி மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.