கேமரா கண்காணிக்கும், காவல் காக்காது

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை வைத்துக்கொண்டு சேலத்திலோ பெங்களூரிலோ குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். "கரண்டு இல்லாத இடம்தான். ஒரு சோலார் கேமரா மாட்டிட்டா வாட்ச்மேனே வேண்டாம், போன்லயே பார்த்துக்கலாம்." நாகலூரிலும் இதே பேச்சு, மஞ்சக்குட்டையிலும் இதே பேச்சு. தோட்டங்களுக்கு சோலார் போட்டுக் கொடுப்பது என் தொழில். கேமரா விற்றால் எனக்கு லாபம்தான். இருந்தாலும் சொல்கிறேன்: இதை நம்பி வாட்ச்மேனை நிறுத்தாதீர்கள்.

முதலில் வெயில் கணக்கு. சிம் போட்ட ஒரு 4ஜி கேமரா இரவும் பகலும் பதிவு செய்தால் சராசரியாக 5 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 120 வாட்-மணி. நல்ல வெயிலில் 40 வாட் பேனல் 150 வரை கொடுக்கும், கவலையில்லை. மலையை மூடுபனி மூடிவிட்டால் அதே பேனலில் 30 தேறுவதே பெரிது. மீதி 90 தினமும் பேட்டரியிலிருந்து போகும். கூட வருவது 12 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி என்றால் அதன் கொள்ளளவே சுமார் 250. மூன்றாம் நாள் இரவு கேமரா அணைந்துவிடும். அது எந்த மாதத்தில்? வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும், காப்பிப் பழம் பறித்துக் களத்தில் காயும் மாதத்தில். களத்தில் சரக்கு கிடக்கும்போதுதான் மேலே வெயில் இருக்காது.

இதுவும் திறந்த வெளிக்கான கணக்குதான். நம் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழல் இல்லாத இடம் எங்கே? பேனலின் செல்கள் தொடராக இணைந்தவை. ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் சரியும். பேனலை மரத்துக்குக் கீழே மாட்டிவிட்டு "கம்பெனி ஏமாத்திட்டான்" என்று என்னிடம் கத்துவதில் நியாயமில்லை.

சார்ஜைச் சேமிக்கத் தூங்கும் கேமராக்களும் உண்டு. உடல் சூட்டின் அசைவை உணர்ந்தால்தான் விழிக்கும். அந்த உணர்வு பத்து மீட்டருக்கு அப்பால் நம்பத் தகுந்ததல்ல. ஆள் இருபது மீட்டர் தள்ளி மிளகுக்கொடியை உருவிக்கொண்டு போனால் அதற்குத் தெரியாது.

இரவுப் பார்வை என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதையும் நம்பாதீர்கள். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டு ஓட்டியவருக்கு இது விளங்கும்: வெளிச்சம் நீர்த்துளியில் பட்டுத் திரும்பி நம் கண்ணைத்தான் மறைக்கும். கேமராவின் அகச்சிவப்பு விளக்கும் அப்படித்தான். திரையில் வெள்ளைச் சுவர் தெரியும், திருடன் தெரியமாட்டான்.

இத்தனையும் சரியாக இருந்து, இரவு இரண்டு மணிக்குப் பெங்களூரில் உங்கள் போன் அலறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். தோட்டத்துக்குப் போகப்போவது யார்? இதற்குப் பதில் இல்லாதவர் கேமரா வாங்கக் கூடாது.

கோவை அருகே உள்ள மதுக்கரையைப் பாருங்கள். 2021 நவம்பரில் அங்கே நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் வனத்துறை ரூ.7 கோடிக்கு மேல் செலவிட்டு, தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் பொருத்தியது. 2023 இறுதியிலிருந்து அந்த அமைப்பு இயங்குகிறது. யானை தெரிந்ததும் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகிறது. களப்பணியாளர்கள் யானையைத் திருப்பி விடுகிறார்கள். கேமராவுக்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறையும், ஓடிப் போக ஆட்களும் இருப்பதால்தான் அது பலிக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

நம்பிக்கை: டம்மி கேமராவே திருடனை விரட்டும்.
உண்மை: தோட்டத்து வழி தெரிந்தவனுக்கு அது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: டவர் இல்லாத பள்ளத்தில் கேமரா வீண்.
உண்மை: மெமரி கார்டில் பதிவாகும், உடனே தகவல் வராது, அவ்வளவுதான். கேமராவையே கழற்றிப் போனால் கார்டும் போகும். ஆகவே அதைப் பார்க்கும் இரண்டாவது கேமரா ஒன்று உயரத்தில் வேண்டும்.

நம்பிக்கை: வீடியோ இருந்தால் கேஸ் ஜெயித்த மாதிரி.
உண்மை: 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய பதிவின் மேல் புதியது பதிவாகும் முன் நகலெடுங்கள்.

நம்பிக்கை: வேலிக்கு நேரடியாகக் கரண்டு கொடுத்துவிட்டால் கேமராவே தேவையில்லை.
உண்மை: அது குற்றம். காட்டெருமையும் சாகும், விறகு பொறுக்க வந்தவரும் சாவார். சோலார் வேலி வேண்டுமானால் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்து போடுங்கள்.

கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டுக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று, காயும் களத்துக்கு ஒன்று. மூடுபனிக் கணக்குப் போட்டுப் பெரிய பேனலும் பேட்டரியும் கொடுங்கள், போதும். ஆனால் முதல் பேனல் போக வேண்டியது வாட்ச்மேன் குடிசைக்கு. அவருக்கு இரவெல்லாம் எரியும் விளக்கு, போன் சார்ஜ் ஏற்ற ஓர் இடம், ஒழுகாத கூரை, நல்ல டார்ச், மாதம் தவறாத சம்பளம். கூடத் துணைக்கு ஓர் ஆள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் மிளகுக்கொடி அசைவதைக் கேட்டே காற்றா, காட்டெருமையா, ஆளா என்று சொல்லிவிடுவார். கேமராவுக்கு நாற்பதாயிரம் கேட்டால் மறுபேச்சின்றிக் கொடுக்கும் முதலாளி, காவலுக்கு இருப்பவர் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டால் கணக்குப் பார்க்கிறார். முதலில் அந்த ஆயிரத்தைக் கொடுங்கள். கேமராவுக்கு அடுத்த சீசனில் என்னைக் கூப்பிடுங்கள்.