டைமிங்கைத் திருகும் முன்: ஆர்.சி. ரேஸ் மோட்டாருக்கு அக்கா டிப்ஸ்

தம்பி, புது மோட்டார் கைக்கு வந்ததும் எண்ட் பெல் (மோட்டாரின் பின் மூடி) ஸ்க்ரூவை லூஸ் செய்து டைமிங்கை முழுசாகத் தள்ளிவிடுகிற ஆட்கள்தான் அதிகம். காரை ஸ்டாண்டில் வைத்து டிரிகரை இழுத்தால் சத்தம் காதைக் கிழிக்கும், மனசு குளிரும். டிராக்கில் இறங்கிய மூன்றாவது நிமிஷமே கார் சோர்ந்துவிடும். மேஜைமேல் வருகிற ஆர்.பி.எம்.மை வைத்து மோட்டாருக்கு மார்க் போடாதே. அது எத்தனை ஆம்ப் குடிக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று பார்.

நீ ஓட்டுவது 17.5 ஸ்டாக் கிளாஸ் டூரிங் கார் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். 17.5 என்பது காயில் சுற்றின் எண்ணிக்கை. சுற்று குறையக் குறைய வேகமும் கூடும், கரண்ட் பசியும் கூடும். அதனால்தான் 21.5 புதியவர்களுக்கு, 13.5 கொஞ்சம் கை தேர்ந்தவர்களுக்கு, 4.5, 5.5 எல்லாம் மாடிஃபைட் ஆட்களுக்கு. ஸ்டாக் கிளாஸில் பெரும்பாலும் ‘பிளிங்கி’ விதிதான். ஈ.எஸ்.சி., அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, தன் பங்குக்கு டைமிங் எதுவும் சேர்க்கக் கூடாது. சேர்க்கவில்லை என்று காட்ட அதன் லைட் விட்டு விட்டு மின்னும், செக் பண்ணுகிறவர் பார்த்துக்கொள்வார். ஆக உன் கையில் இருப்பது எண்ட் பெல் டைமிங், பல் சக்கரம், பேரிங், சூடு, அவ்வளவுதான். அமெரிக்காவில் ரோர், பிரிட்டனில் பி.ஆர்.சி.ஏ. போன்ற அமைப்புகள் எந்த மோட்டார் செல்லும் என்று பட்டியலே வைத்திருக்கின்றன. உன் கிளப் எதைப் பின்பற்றுகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் பர்ஸைத் திற.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். மோட்டாரைக் கழற்றி, ஈ.எஸ்.சி. வயர் எதுவும் இல்லாமல், ஷாஃப்டை விரலால் மெதுவாகத் திருப்பு. டக், டக் என்று தங்கித் தங்கி நகரும். அது காந்தம் இழுப்பது, கோளாறு இல்லை. கரகரவென்று மணல் அரைபடுகிற மாதிரி இருந்தால் பேரிங் போய்விட்டது. அடுத்து, ஒரு சின்ன வயர்த் துண்டால் ஏ, பி இரண்டு டேபையும் (ஈ.எஸ்.சி. வயர் சால்டர் ஆகும் முனைகள்) இணைத்துவிட்டுத் திருப்பிப் பார். பிரேக் போட்ட மாதிரி கனமாகும். பி-சி, சி-ஏ என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் மூன்றிலும் ஒரே கனம் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் லேசாக ஓடினால் அந்தக் காயிலோ சால்டரிலோ கோளாறு. மல்டிமீட்டரை கன்டின்யுவிட்டியில் வைத்து டேபுக்கும் மோட்டார் உடம்புக்கும் தொட்டுப் பார். பீப் அடித்தால் அந்த மோட்டாரை ஓட்டாதே. டேபுக்கும் டேபுக்கும் ரெசிஸ்டன்ஸ் அளக்க முயலாதே, அது மில்லி ஓம் கணக்கு, சாதா மீட்டருக்கு எட்டாது.

மோட்டாரைச் சோதிக்கும் கருவியான அனலைசர் வாங்கப் பணம் இல்லையா? வீட்டில் டிரில் இருக்கிறதா பார். ஷாஃப்டை டிரில்லின் வாயில் மாட்டி, மோட்டார் உடம்பை வைஸில் துணி சுற்றிப் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டு. அப்போது மோட்டார் டைனமோ ஆகிவிடும். 2,800 சுற்று டிரில் என்றால் 17.5 மோட்டாரில் இரண்டு டேபுக்கு நடுவே ஏசியில் 1 வோல்ட்டுக்குக் கிட்ட வரும். அந்த எண் முக்கியமில்லை, மூன்று ஜோடியிலும் அதே எண் வருகிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் காயில் சந்தேகப்படு. மூன்றும் சேர்ந்து பழைய அளவைவிட இறங்கியிருந்தால் ரோட்டார் காந்தம் சூட்டில் பலம் இழந்திருக்கலாம். ஒரு எச்சரிக்கை: கடையில் சல்லிசாகக் கிடைக்கிற மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் ஏசிக்கு 200 வோல்ட் ரேஞ்சுதான் குறைந்தபட்சம். அதில் இந்த வித்தியாசம் தெரியாது. 2 வோல்ட் ரேஞ்ச் உள்ள மீட்டரைக் கடன் வாங்கு.

கார் கிளம்பும்போது திக்கித் திக்கி உதறுகிறதா? மோட்டாரைத் திட்டுவதற்கு முன் சென்சார் வயரை மாற்றிப் பார். ஆறு பின் வைத்த அந்தச் சின்ன பிளக்கை வயரைப் பிடித்து இழுப்பதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது. பிளக்கின் ஓரத்தை நகத்தால் தள்ளி எடு. ஏ, பி, சி வயர்களைச் சென்சார் மோட்டாரில் இடம் மாற்றிப் போடவே கூடாது. சென்சார் இல்லாத மோட்டாரில் இரண்டை மாற்றினால் திசை திரும்பும், அவ்வளவுதான். சென்சார் மோட்டாரில் மாற்றினால் புகை வரலாம். டேபில் சால்டர் வைக்க 25 வாட் அயன் போதாது. நேரம் இழுத்து இழுத்து மோட்டாரைச் சுட்டுவிடுவாய். 60 வாட்டுக்குக் குறையாமல் எடு, தொட்டதும் உருக வேண்டும்.

இனி டைமிங். காயிலில் கரண்ட் ஏற ஒரு கணம் பிடிக்கும். சுற்று வேகம் கூடும்போது அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியும். அதனால் கரண்டைச் சற்று முன்கூட்டியே அனுப்புகிறோம். எண்ட் பெல்லோடு சென்சார் போர்டு திரும்புவதால்தான் அந்த ‘முன்கூட்டி’ கூடுகிறது, குறைகிறது. கொஞ்சம் கூட்டினால் மேல் வேகம் ஏறும். அளவு தாண்டினால் கீழ் வேகத்தில் இழுவை குறையும், ஆம்ப் மட்டும் குதிக்கும். அந்தக் கரண்ட் சக்கரத்துக்குப் போகாமல் சூடாகத்தான் முடியும். கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு. செம்பு 60 டிகிரி சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸும் கால் பங்குக்குக் கிட்ட கூடிவிடும். மூன்றாவது நிமிஷச் சோர்வு இங்கிருந்துதான் வருகிறது.

ஸ்டிக்கரில் போட்டிருக்கிற டிகிரியை நம்பாதே; ஒரு கம்பெனியின் 40 இன்னொரு கம்பெனியின் 40 இல்லை. ஸ்க்ரூவைத் தொடும் முன் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள். பினியனை (ஷாஃப்டில் இருக்கும் சின்னப் பல் சக்கரம்) கழற்றிவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே வோல்ட்டேஜில் ஓட்டு. 8.4 வோல்ட் ஃபுல் சார்ஜில் ஒன்று, பாதி இறங்கிய பேட்டரியில் இன்னொன்று என்று ஒப்பிட்டால் அளந்ததே வீண். சில நொடி ஓட்டு, ஆர்.பி.எம்.மையும் ஆம்பையும் எழுது, ஆற விடு, 2 டிகிரி நகர்த்து, மறுபடி எழுது. முதலில் இரண்டும் சேர்ந்து ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் ஆர்.பி.எம். நத்தையாக நகரும், ஆம்ப் மட்டும் விறுவிறுவென ஏறும். அந்த இடத்துக்கு 2, 3 டிகிரி முன்பே நில். அனலைசர் கிடைத்தால் மூன்று சென்சாரின் டைமிங்கையும் தனித்தனியாகக் காட்டும். மூன்றும் நெருக்கமாக இருந்தால் நல்ல மோட்டார்.

டைமிங்கை நகர்த்தினால் பினியனையும் யோசி. இரண்டும் தனித்தனி முடிவு இல்லை. ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய பல் சக்கரம்) 96, பினியன் 48, காரின் உள் விகிதம் 1.9 என்றால் ஃபைனல் டிரைவ் 3.8. பினியனை 49 ஆக்கினால் 3.72, 47 ஆக்கினால் 3.88. ஒரு பல்லுக்கு இவ்வளவுதானா என்று அலட்சியம் பண்ணாதே, சூட்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். டைமிங் கூட்டினால் பினியனில் ஒரு பல் குறைத்துத் தொடங்கு. நீள ஸ்ட்ரெய்ட் இருக்கிற டிராக்கில் அது பிடிக்கும். வளைவு வளைவாக நெருக்கமான டிராக்கில் நான் டைமிங்கை இறக்கி இழுவையைத்தான் எடுத்துக்கொள்வேன். இரண்டையும் ஒரே ரன்னில் மாற்றாதே. எது வேலை செய்தது என்று உனக்கே தெரியாமல் போய்விடும்.

வெளிநாட்டு ரேஸர்களின் செட்டப் ஷீட்டை அப்படியே காப்பி அடிக்காதே. அவர்களில் பலர் 22 டிகிரி இன்டோர் ஹாலில் கார்பெட்மேல் ஓட்டுகிறவர்கள். அங்கே 75-க்கு வந்து நிற்கிற மோட்டார், காற்றைவிட 53 டிகிரி ஏறியிருக்கிறது. நம் ஊரில் மே மாத மதியம் 38 டிகிரியில் அதே செட்டப் 91-ஐத் தொடும். சாதா நியோடிமியம் காந்தம் 80-ஐத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும். மோட்டாரில் வருவது அதைவிடச் சூடு தாங்கும் ரகம்தான். ஆனாலும் வெளியே 91 என்றால் உள்ளே அதைவிடக் கூடுதல். என் கணக்கு, ஐந்து நிமிஷ ரேஸ் முடிவில் வெளியே 75-ஐ ஒட்டி இருக்கட்டும், 80-ஐத் தாண்டினால் ஒரு பல் குறை. ஃபேன் மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பளபளக்கிற அலுமினிய உடம்பில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் 45, 50 என்று பொய் சொல்லும். ஒரு சின்னக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த இடத்தில் மட்டும் காட்டு. எப்போதும் அதே இடம், கார் நின்ற உடனே. புது செட்டப் என்றால் முதலில் இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்து, சூடு சரியாக இருந்தால்தான் ஐந்து நிமிஷம்.

பராமரிப்புக்குப் பெரிய பாட்டு இல்லை. ரோட்டாரை வெளியே எடுத்தால் இரும்புத் தூளைத் தேடித் தேடி ஒட்டிக்கொள்ளும், மாஸ்கிங் டேப்பால் ஒற்றி எடு. ஷிம் எந்தப் பக்கம் எத்தனை என்று கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்துவிடு. பேரிங்குக்குத் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, அதற்கு மேல் விட்டால் தூசிதான் சேரும்.

அனலைசரை நாலு பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள், தினமும் தேவைப்படாது. தெர்மாமீட்டரை மட்டும் சொந்தமாக வாங்கு. ரன் முடிந்து நீ கடன் கேட்டு ஓடுகிற நேரத்தில் மோட்டார் ஆறிவிடும்.