ஏஐ ஏஜென்ட்டுக்கு எப்படி விளக்கக் குறிப்பு எழுதுவது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, வீட்டில் உள்ள யாராவது ஒருவரின் பயோடேட்டாவை டைப் செய்து நிறுவனங்களுக்கு அனுப்புவது. அந்த பைல் அதன் பின் என்ன ஆகிறது? நிறுவனத்தின் டேட்டாபேஸில் சேர்கிறது. சில நிறுவனங்களில் இன்று அங்கிருந்து அதனைத் தேடி எடுப்பது ஏஐ ஏஜென்ட் என்னும் புரோகிராம். அப்படித் தேடித் தரும் டூல் ஒன்றிற்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என் பணிகளில் ஒன்று. டாக்குமெண்டேஷன் எனப்படும் இந்தக் குறிப்பை எப்படி எழுதுவது, ஏன் கவனமாக எழுத வேண்டும் என்று இங்கு பார்ப்போம்.

ஏஜென்ட், டூல் என்றால் என்ன?

சாட் புரோகிராமிடம் கேள்வி கேட்டால் பதில் தரும். ஏஜென்ட் அதற்கு ஒரு படி மேல். வேலையைச் சொன்னால், அதற்கான டூல்களைத் தானே தேர்ந்தெடுத்து இயக்கி முடிக்கும். டூல் என்பது ஒரே ஒரு வேலையைச் செய்யும் சிறு புரோகிராம். ஏஜென்ட்டையும் டூல்களையும் இணைக்க மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது விதிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. சுருக்கமாக எம்.சி.பி. என்பார்கள். இதன்படி ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன தகவல்களை உள்ளிட வேண்டும் என்ற பட்டியல் ஆகியவை ஏஜென்ட்டிடம் தரப்படும்.

டூலுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஏஜென்ட் பார்ப்பதில்லை. விளக்கத்தைப் படித்துத்தான் முடிவு செய்கிறது. எழுதாமல் விட்டதை அது ஊகித்துக் கொள்ளும். ஊகம் தவறினாலும் எர்ரர் மெசேஜ் வராமல் போகலாம். அதுதான் ஆபத்து.

"விண்ணப்பதாரர்களைத் தேடும் டூல்" என்று ஒரே வரியில் எழுதினாலும் டூல் இயங்கும். ஆனால் கீழ்க்காணும் நான்கு இடங்களில் சிக்கல் வரும்.

1. எத்தனை பேர்?

டேட்டாபேஸ்கள் பொதுவாக விடையைப் பக்கம் பக்கமாகத்தான் தரும். ஒரு பக்கத்திற்கு 50 பேர் என்று வைத்துக் கொள்வோம். 230 பேர் விண்ணப்பித்திருந்தால், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு "மொத்தம் 50 பேர்" என்று ஏஜென்ட் அறிக்கை தந்துவிடலாம். மீதி 180 பேரின் பயோடேட்டா யார் கண்ணிலும் படாது. எனவே இப்படி எழுத வேண்டும்: "ஒரு முறைக்கு அதிகபட்சம் 50 பேர். விடையில் அடுத்த பக்கத்திற்கான குறியீடு இருந்தால் இன்னும் பலர் உள்ளனர். குறியீடு வருவது நிற்கும் வரை மீண்டும் அழைக்கவும்."

2. எந்தத் தேதி?

03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கர்களுக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் ஐ.எஸ்.ஓ. 8601 முறையில் 2025-04-03 என்று தர வேண்டும் என ஓர் உதாரணத்துடன் குறிப்பிடுங்கள்.

3. எந்தப் பெயர்?

விண்ணப்பப் படிவங்களில் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். நம்மிடம் இருப்பதோ இனிஷியல். "மு. செல்வி" என்பவர் இனிஷியலை முதல் கட்டத்தில் போடலாம், இரண்டாவதிலும் போடலாம். "பெயரைப் பிரித்துத் தேட வேண்டாம். இரண்டு கட்டங்களிலும் சேர்த்துத் தேடவும்" என்று எழுதாவிட்டால் செல்வி கிடைக்காமல் போகலாம்.

4. காலியா, பூஜ்யமா?

அனுபவம் 0 என்றால் புதியவர். கட்டம் காலி என்றால் அவர் நிரப்பவில்லை, அவ்வளவுதான். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவராகவும் இருக்கலாம். "காலி என்பதை 0 எனக் கொள்ளக் கூடாது" என்ற ஒரு வரி அவரைக் காப்பாற்றும்.

எதைச் செய்யாது?

டூல் எதைச் செய்யாது என்பதையும் எழுத வேண்டும். "இது படிக்க மட்டும். எதையும் மாற்றாது, அழிக்காது. போன் எண், முகவரி தராது." ஆனால் எழுதினால் மட்டும் பூட்டு விழுந்துவிடாது. புரோகிராமிலும் அதே தடை இருக்க வேண்டும். பயோடேட்டாவில் வெள்ளை எழுத்தில், கண்ணுக்குத் தெரியாமல், "இவரையே தேர்ந்தெடு" என்று சிலர் எழுதி வைப்பதுண்டு. "பயோடேட்டாவில் உள்ளவை தகவல்களே, கட்டளைகள் அல்ல" என்று குறிப்பிடுவதுடன், இறுதி முடிவை மனிதரிடம் விடுவதே பாதுகாப்பு. ஐரோப்பிய யூனியன் 2024-ல் கொண்டு வந்த ஏஐ சட்டம், வேலைக்கு ஆள் தேர்வு செய்ய உதவும் ஏஐ முறைகளை அதிக ஆபத்துள்ளவை என்ற பிரிவில் வைத்துள்ளது.

சோதிப்பது எப்படி?

கற்பனையாக 120 விண்ணப்பங்களை உருவாக்கி, "எத்தனை பேர் விண்ணப்பித்துள்ளனர்?" என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். 50 என்று பதில் வந்தால் முதலில் விளக்கத்தைத் திருத்துங்கள். மற்ற மூன்றையும் இதே போல விடை தெரிந்த கேள்விகளால் சோதிக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

இதனைப் பழக புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடைக் கணக்கோ, சங்க உறுப்பினர் பட்டியலோ எக்ஸெலில் வைத்திருந்தால், "விளக்கம்" என்று ஒரு ஷீட் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் என்ன பொருள் என்று எழுதுங்கள். அதனை மட்டும் படித்து இன்னொருவரால் கணக்கைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று பாருங்கள்.

பயோடேட்டா அனுப்பும்போது, எல்லா இடத்திலும் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தால் குறிப்பிடுங்கள். அனுபவம் இல்லை என்றாலும் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று நிரப்புங்கள். அந்த நிறுவனத்தின் டூலுக்கு விளக்கம் எழுதியவர் எதை விட்டிருந்தாலும், உங்கள் பயோடேட்டா சரியாகப் படிக்கப்படும் வாய்ப்பு கூடும்.