வீடியோ எடிட்டிங்: மென்பொருளுக்கு முன் இரண்டு கேள்விகள்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் பக்கத்துத் தொழிற்சாலையிலோ இன்பிளான்ட் டிரெயினிங் போகிறோம். அனுமதி கிடைத்தால் இயந்திரம் ஓடுவதை செல்போனில் எடுத்து, புராஜெக்டில் சேர்க்கிறோம். திரும்பி வந்ததும் ஹாஸ்டலில் முதல் பேச்சு, "எந்த சாஃப்ட்வேர்டா நல்லது?" என்பதுதான்.

அதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு எத்தனை பிரேம்? நிறம் உண்மையாக இருக்கிறதா? சினிமாக்காரர்களுக்கு இது அழகு சம்பந்தப்பட்டது. டிப்ளமோ மாணவனுக்கு இது அளவு சம்பந்தப்பட்டது.

1. பிரேம் கணக்கு

சினிமாவுக்கு நொடிக்கு 24 பிரேம். நம் நாட்டு டி.வி.க்கு 25, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் பாதி. செல்போன் பெரும்பாலும் 30 அல்லது 60.

ரோலிங் மில்லில் பில்லட் ஓடுவதை 30 பிரேம் வேகத்தில் ஒரு நிமிடம் எடுக்கிறோம் என்று வையுங்கள். மொத்தம் 1,800 பிரேம். மென்பொருளில் இந்தக் கிளிப்பை 25 பிரேம் என்று குறித்துவிட்டால், 1,800 ÷ 25 = 72 நொடி. மில் மெதுவாக ஓடியதாக உங்கள் ரிப்போர்ட் சொல்லும்! கிளிப்பை 30 என்றே விட்டு 25 பிரேம் டைம்லைனில் போட்டால் நேரம் சரியாக வரும். ஆனால் நொடிக்கு 5 பிரேம் காணாமல் போகும், அசைவு தடுக்கும். எடுத்த வேகத்திலேயே டைம்லைனையும் வையுங்கள்.

இன்னொரு சிக்கல்: வெளிச்சம் குறைந்தால் பல செல்போன்கள் தானாகவே பிரேமைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள்.

ஷெட் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் பட்டை ஓடாது. ஓடிவிட்டால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

2. நிறக் கணக்கு

உலையிலிருந்து வரும் பில்லட் சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸில் மஞ்சளாக ஒளிரும். 700 வாக்கில் மங்கிய சிவப்பு. வெப்பத்தை அளக்க பைரோமீட்டர்தான் வேண்டும். ஆனாலும் படம் பொய் சொல்லக்கூடாது இல்லையா? செல்போனின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் நடுவிலேயே நிறத்தை மாற்றிவிடும். அதைப் பூட்டிவிட்டு, அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் சில நொடி எடுங்கள்.

கண்ணை மட்டும் நம்பாதீங்க. மானிட்டருக்கு மானிட்டர் நிறம் மாறும். மென்பொருளில் வேவ்ஃபார்ம், வெக்டர்ஸ்கோப் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது வெளிச்சத்தைக் காட்டும், அடுத்தது நிறத்தை. வெள்ளைத் தாள் வெக்டர்ஸ்கோப்பின் நடுவில் நின்றால் நிறம் சரி. முழு வெள்ளையாக எரிந்துபோன பகுதியை எந்த மென்பொருளும் மீட்காது.

3. எதை எடுப்பது?

பழைய கம்ப்யூட்டரா? கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் இலவசம். இரண்டிலும் இந்த ஸ்கோப்புகள் உண்டு.

16 ஜி.பி. ரேமும் கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. நிறத் திருத்தத்துக்கென்றே பிறந்த மென்பொருள் அது. 60 பிரேம் வரை தரும். வேலையைத் தொடங்கிய பின் டைம்லைனின் பிரேம் வேகத்தை மாற்ற விடாது, முதலிலேயே குறித்துவிடுங்கள்.

பிரீமியர் புரோவுக்குச் சந்தா கட்ட வேண்டும். ஒரு புராஜெக்டுக்கு அது தேவையில்லை.

1994-ல் வந்த 'மகாநதி' ஆவிட் கணினியில் எடிட் செய்யப்பட்டபோது, அத்தகைய வசதி பெரிய கம்பெனிகளுக்கே எட்டியது. இன்று நம் மேசைக்கே வந்துவிட்டது.

4. ஒரு சோதனை

ஸ்டாப்வாட்ச் ஓடுவதைப் 10 நொடி எடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த மென்பொருளில் போட்டு வெளியே எடுங்கள். வாட்ச் 10 காட்டும்போது வீடியோவின் நேரமும் 10 என்றால், அந்த மென்பொருளை நம்பி வைவாவுக்குப் போகலாம்.